அவெய்ருவுக்குப் போன சமையலறை

பிரேமன்,
பிப்ரவரி கடைசி ஞாயிறு

என் அன்பு மகள் மைக்கேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அவர் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே முனகத் தொடங்கிவிடுகிறது, அதைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் மாப்பிள்ளை டில்மனும் யூலேக் குட்டியும் சளி இருமல் இல்லாமல், நன்றாகக் காய்ந்த துணி உடுத்திக்கொண்டு, சூடான அறையில் தூங்கி எழுந்து சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவைத் திறந்தேன். காய்ந்த துணி என்று படித்ததும் நீ சிரிப்பாய். கிறிஸ்துமஸுக்கு அங்கே வந்தபோது துவைத்துப் போட்ட என் பாவாடை ஊருக்குக் கிளம்பும் வரை காயவே இல்லை, ஈரத்தோடு சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். தெற்கே போகிறீர்கள், வெயிலாக இருக்கும் என்று இங்கே எல்லோரும் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். பிரேமனில் வெளியே குளிர், வீட்டுக்குள் கதகதப்பு. உங்கள் போர்த்துகல் அவெய்ருவில் வெளியே இதமாக இருக்கிறது, வீட்டுக்குள் பல் கிட்டுகிறது. இதை எந்தப் பயண விளம்பரத்திலும் போட மாட்டார்கள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுகிற வேகத்துக்கு நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிடுகிறேன், வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசிக்கிறேன். முப்பது வருஷம் டிராம் ஓட்டியவள் நான். முன்னால் இருக்கிற கண்ணாடி வழியாக ஊர் மெதுவாக என்னை நோக்கி வரும், நான் யோசித்துக்கொண்டே போவேன். எனக்கு அந்த வேகம்தான் சரிப்படும். அதனால் நீயும் இதை நின்றுகொண்டு படிக்காதே. டீ போட்டுக்கொண்டு, கற்கண்டு அடியில் போட்டு, உட்கார்ந்து படி. இங்கே நோய்ஸ்டட் பேட்டையில் நீங்கள் விட்டுப் போன வாடகை வீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஊர்ச் செய்தி. போன சனிக்கிழமை தெருக்காரர்கள் எல்லோரும் குளிர்காலக் கீரை விருந்துக்கு வருஷா வருஷம் போகிற கீரை நடை போனோம். இந்த முறை தள்ளுவண்டியை இழுக்கும் பொறுப்பு அப்பாவுக்கு, வண்டி நிறையச் சாராயப் புட்டி, எல்லோர் கழுத்திலும் கயிற்றில் குட்டிக் கோப்பை. ஆற்றங்கரையோடு பனிமூட்டத்தில் நடந்தோம். முன்னால் போகிறவர்கள் பாதியாகத் தெரிந்தார்கள், பிறகு கால் மட்டும், பிறகு சிரிப்புச் சத்தம் மட்டும். நான் வேண்டுமென்றே கொஞ்சம் பின்தங்கி நடந்தேன், அந்தப் பனிக்குள் நீயும் எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருப்பது போல ஒரு நினைப்பு, அதைக் கலைக்க மனம் வரவில்லை. கடைசியில் விடுதியில் கீரையும் புகைபோட்ட தொத்திறைச்சியும் அதிகமாகத் தின்று இந்த வருஷத்துக் கீரை ராஜா பட்டத்தை வாங்கியவர் யார் என்று நினைக்கிறாய், உன் அப்பாதான். அட்டைக் கிரீடத்தை வைத்துக்கொண்டு ஏப்பம் விட்டபடி வீடு வந்தார், அடுத்த வருஷ நடைக்கு எல்லா ஏற்பாடும் அவர் தலையில். நடையில் எல்லோரும் உன்னைத்தான் விசாரித்தார்கள். எதிர்வீட்டு மார்க்ரெட் இருக்கிறாளே, அவள் வாய் சும்மா இருக்குமா. "சமையலறையவே பேத்து எடுத்துட்டுப் போனவ திரும்பியா வரப் போறா, இன்சா? நீ வீணா அந்த வீட்டுக்கு ஜன்னல் தொறந்து மூடிக்கிட்டு இருக்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மார்க்ரெட் சொன்னதில் பொய் இல்லை. வியாழக்கிழமை தவறாமல் உன் வீட்டுக்குப் போகிறேன். எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து காற்று மாற்றுகிறேன், குழாயில் தண்ணீர் ஓட விடுகிறேன், தபால் பெட்டியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் நான் மத்தியானம் வரை அங்கேயே இருந்துவிடுகிறேன், இதை அப்பாவிடம் சொல்லவில்லை. வெறும் அறையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வெளிச்சம் தரையில் மெல்ல நகர்வது தெரிகிறது. யூலேவின் கட்டில் இருந்த இடத்தில் பலகை கொஞ்சம் வெளிறிக் கிடக்கிறது. மாடிக்காரர்கள் நடக்கிற சத்தத்தை உன் காலடி என்று வைத்துக்கொள்கிறேன், அது யாருக்கும் கெடுதல் இல்லையே என்று. போன செப்டம்பரில் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நீ சொன்னாய் அல்லவா, "எதுக்கும் இருக்கட்டும்மா, ஒரு வருஷம் வச்சிக்கலாம். அங்க சரிப்படலன்னா எங்க போய் நிக்கிறது? யாராவது உள்வாடகைக்கு வந்தா விடு" என்று. நானும் ஆள் தேடினேன், மைக்கே. உண்மையாகவே தேடினேன். வீட்டுக்காரர் திரு. டீர்க்ஸும் ஒத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் அறைகளைப் பார்த்து ஆகா என்பார்கள், கடைசியில் சமையலறைக் கதவைத் திறப்பார்கள், மூடுவார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். சுவரில் இரண்டு குழாய் வாயும் ஒரு மின்கம்பிக் கொத்தும் தவிர அங்கே என்ன இருக்கிறது.

அந்தச் சமையலறையை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. நீங்கள் கல்யாணம் முடிந்து அந்த வீட்டுக்கு வந்தபோது அப்பா தன் கையால் செய்தது. நோய்ஸ்டட் வீட்டுச் சுவர் கோணல், ஜன்னல் பக்கம் போகப்போக உள்ளே சாய்கிறது என்று திட்டிக்கொண்டே, அந்தக் கோணலுக்குத் தகுந்தபடி மேடைப் பலகையின் பின் விளிம்பை இழைத்து இழைத்து, ஒரு காகிதம்கூட நுழையாதபடி பொருத்தினார். இங்கே வாடகை வீட்டுக்கு வருகிறவர்தான் அடுப்பும் மேடையும் கொண்டுவர வேண்டும், அதனால் வீடு மாறும்போது அதையும் கழற்றி எடுத்துப் போவது நமக்கு ஒரு யோசனைக்குரிய விஷயமாகவே படவில்லை. என் அம்மா மாறினாள், நான் மாறினேன், படுக்கையைப் போல சமையலறையும் கூடவே வந்தது. அங்கே வீட்டில் ஹீட்டர் உண்டா என்று கேட்டேன், பல் டாக்டர் உண்டா என்று கேட்டேன், வீட்டுப் பொருளுக்கும் பிறருக்குச் செய்யும் சேதத்துக்கும் காப்பீடு போட்டீர்களா என்று டில்மனை நச்சரித்தேன். சமையலறை இருக்கிறதா என்று நம்மில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அங்கத்து வீட்டுக்காரி டோனா கிராசியெட் அனுப்பிய படங்களில் கூடம் இருந்தது, படுக்கையறை இருந்தது, பின்பக்கத்து எலுமிச்சை மரம்கூட இருந்தது, சமையலறை மட்டும் இல்லை. காலியாக இருக்கிறது, எதற்குப் படம் எடுப்பாள் என்று நாம் நினைத்துக்கொண்டோம். சமையலறை இல்லாத வீடு உண்டா, எதற்குப் படம் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

அப்பா ஒவ்வொரு திருகாணியையும் ஊறுகாய்ப் புட்டிகளில் போட்டு மூடி, கதவுகளைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல லாரியில் ஏற்றினாரே. பிரான்ஸைத் தாண்டி, ஸ்பெயினைத் தாண்டி, பெட்ரோலுக்கும் சுங்கச் சாவடிக்கும் கொட்டிக் கொடுத்து அங்கே போய் இறங்கினால், சுவர் முழுக்க நீல ஓடு பதித்து, கல் தொட்டி, எரிகிற அடுப்பு, கொக்கியில் தொங்கும் கோப்பைகளோடு ஒரு சமையலறை உங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அப்பா வாசலில் மேடைப் பலகையைத் தோளில் சுமந்தபடி அப்படியே நின்றாராம். டோனா கிராசியெட் லாரியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டில்மனிடம், "ஏம்ப்பா, சாப்பாட்டுக் கடை வைக்கப் போறதா எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்று கேட்டதை அப்பா திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. நான்தான் நாற்காலியிலிருந்து விழாத குறை.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோதுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். கார் நிறுத்துகிற கொட்டகையில், சுவரோரமாக, போர்வை கழன்று கிடக்கிறது. டோனா கிராசியெட் இழுப்பறைகளில் உருளைக்கிழங்கு நிரப்பி வைத்திருக்கிறாள், அடுப்புக்கான பொந்தில் அவள் பூனை குட்டி போட்டிருக்கிறது, தொங்கும் அலமாரியின் மேலே வெங்காயச் சரம். அப்பா கொதித்துப் போவார் என்று பயந்தேன். அவர் ஒரு இழுப்பறையை இழுத்துப் பார்த்தார், கிழங்கோடு சத்தமில்லாமல் ஓடி வந்தது, "ஓட்டம் இன்னும் கெடல" என்று மட்டும் சொன்னார். யூலே அந்தப் பூனைக்குட்டிகளுக்குப் போர்த்துகீசில் தாலாட்டுப் பாடுகிறாள். டோனா கிராசியெட் கீரை சூப் கொண்டு வந்தபோது ஓடிப்போய் அவளைப் பாட்டி என்று அவர்கள் பாஷையில் கூப்பிட்டுக் காலைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. மறைக்கவில்லை. ஒரு கிழவி இன்னொரு கிழவிமேல் பொறாமைப்படுவதைப் போல அசட்டுத்தனம் வேறில்லை, ஆனாலும் பொறாமைப்பட்டேன், அவள் சூப் வேறு என் சூப்பைவிட ருசியாக இருந்தது.

ஆனால் இரவு யூலே குல்லாயோடு தூங்கினதைப் பார்த்தேன் மைக்கே. அறையின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. ஒரு நல்ல ஹீட்டரும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் வாங்கினால் என்ன என்று கேட்டதற்கு நீ, "அடுத்த வருஷம் இங்க இருப்போமோ என்னமோ, எதுக்கும்மா இப்ப போயி" என்றாய். துணிகளெல்லாம் பெட்டியிலேயே இருந்தன, அலமாரி வாங்கவில்லை. படங்கள் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. காரில் இன்னும் பிரேமன் நம்பர் பிளேட். போர்த்துகீசு வகுப்புக்குப் பணம் கட்டவில்லை, அடுத்த பருவத்துக்குப் பார்க்கலாம் என்றாய். டில்மன் இங்கே உள்ள கம்பெனிக்கு அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார், வரி எங்கே, காப்பீடு எங்கே என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார். அப்போது எனக்கு இவையெல்லாம் தனித்தனிச் சில்லறைக் கவலைகளாகத்தான் தெரிந்தன. உங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று நீல ஓடுகளைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் துடைத்தேன், கால்வாயில் ஒரு படகு போனது, கண்ணாடியில் நீராவி படிந்ததால் அது படகா மேகமா என்று தெரியவில்லை. ஊர் அழகாகத்தான் இருக்கிறது. இந்த அழகான ஊரில் என் மகள் ஏன் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவள் போல இருக்கிறாள் என்று தோன்றியது.

இப்போது போன வியாழன் நடந்ததைச் சொல்கிறேன். கிரேக்க தேசத்திலிருந்து ஒரு பெண், பெயர் ஸ்டாமதீயா, வோலோஸ் ஊர்க்காரி, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு வந்திருக்கிறாள். புருஷன் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டர். இரண்டு பிள்ளைகளை ஊரில் அக்காவிடம் விட்டிருக்கிறாள். நிலையான முகவரி இருந்தால்தான் பள்ளியில் சேர்க்க முடியும், அதற்கப்புறம்தான் கூட்டி வர முடியும். அவள் வீட்டைப் பார்க்க வந்த அன்று, ஜன்னல் கொக்கி ஒன்றைச் சரி செய்ய அப்பாவும் என்னோடு வந்திருந்தார். அந்தப் பெண் சமையலறைக் கதவைத் திறந்ததும் ஒரு அடி பின்வாங்கி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். தெரிந்த கொஞ்ச ஜெர்மனில், "ஐயா, இங்க திருடன் வந்தானா?" என்று கேட்டாள். அப்பா திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "திருடன் இல்லம்மா, என் மக" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவரைப் பார்த்தேன், மூன்று பேரும் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டோம்.

சிரித்து முடித்த பிறகு மற்றவர்களைப் போல அவள் கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய் நடுவில் நின்றாள். கையைக் காற்றில் நீட்டி, இங்கே அடுப்பு, இங்கே தொட்டி, இந்த ஜன்னலடியில் ஒரு மேசை என்று தனக்குத் தானே தன் பாஷையில் முணுமுணுத்துக்கொண்டே அளந்தாள். இல்லாத மேசையில் இல்லாத தட்டை வைத்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அந்த மேசை தெரிந்தது, மைக்கே, சத்தியமாக, அதன் மேல் போட்ட துணிகூட. பிறகு அவள் வந்து, எத்தனை நாளைக்குத் தருவீங்க என்று கேட்டாள். மகள் திரும்பி வரும் வரை, ஒரு வருஷம் இருக்கலாம், ஆறு மாசமும் இருக்கலாம் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "அம்மா, ஆறு மாசத்துக்கு யாராச்சும் சமையலறை கட்டுவாங்களா? கட்டி முடிச்சு ரெண்டு தரம் சூப் வெச்சு, அப்புறம் கழட்டணுமா? ஹாட்பிளேட்ல முட்டை பொரிச்சிக்கிட்டு இருக்க முடியும், எனக்கு முடியும். எம் புள்ளைங்கள அப்பிடி ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டு வர முடியாது. குடுத்தா முழுசாக் குடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். போகும்போது ஒருமுறை திரும்பி ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்பா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். சரி, வழி இருக்கிறது என்றார். ஈஸ்டருக்கு லாரி எடுத்துக்கொண்டு அவெய்ரு போகிறேன், கிழங்கைக் கொட்டிவிட்டு, பூனையை நகர்த்திவிட்டு, சமையலறையைத் திருப்பிக் கொண்டுவந்து இங்கேயே மாட்டிவிடுகிறேன், இந்தச் சுவருக்கென்று செய்தது இந்தச் சுவரில்தான் உட்காரும், அப்புறம் ஆறு மாதத்துக்குக்கூட ஆள் கிடைக்கும், பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். எனக்கு ஆனந்தம் பொங்கியது. அவர் கொக்கி மாட்டிவிட்டுக் கிளம்பிப் போனார், நான் இன்னும் கொஞ்சம் காற்று மாறட்டும் என்று பொய் சொல்லி அங்கேயே இருந்தேன். சமையலறை முதலில் வரும், பின்னால் நீ வருவாய், எனக்கு வரிசை தெளிவாகத் தெரிந்தது. வெயில் காலில் பட்டுக்கொண்டிருந்தது, உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன். கனவில் உங்கள் ஊர்க் கால்வாய் நோய்ஸ்டட் தெருவுக்கு வந்திருக்கிறது, நான் அதில் டிராம் ஓட்டிக்கொண்டு வருகிறேன், தண்ணீர் மேல் தண்டவாளம் மினுங்குகிறது, நிறுத்தங்களில் நீ நிற்கிறாய். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நீதான், பெட்டியோடு. நான் கதவைத் திறக்கிறேன், நீ ஏறவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை, இதோ வர்றேம்மா என்கிறாய். உன் காலெல்லாம் நனைந்திருந்தது.

விழித்துப் பார்த்தால் ஜன்னலெல்லாம் விரியத் திறந்தபடி, எனக்குக் குளிரில் பல் கிட்டியது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. யூலேவின் அறைக்கு ஹீட்டர் வாங்க விடாமல் தடுப்பது வேறு எதுவும் இல்லை, நான் வாரா வாரம் வந்து காற்று மாற்றுகிற இந்த வீடுதான். அலமாரி வாங்காததும் வகுப்புக்குப் போகாததும் இதனால்தான். மாதா மாதம் இந்தக் காலி வீட்டுக்குக் கொடுக்கிற வாடகை அங்கே இருந்தால் நீங்கள் கதகதப்பாக இருப்பீர்கள். பணம்கூடப் போகட்டும், அங்கே ஒரு ஆணி அடிக்கக்கூட உனக்குக் கை வரவில்லை. திரும்பி வர ஒரு வீடு இருந்தால் நீ தைரியமாக இருப்பாய் என்று நினைத்தேன். அது உன்னை அரைகுறையாக வைத்திருக்கிறது. நீ அங்கே சந்தோஷமாக இல்லை என்று போனில் சொல்லும்போதெல்லாம் நான் பாவம் என்கிறேன், உள்ளுக்குள் ஒரு மூலை குதிக்கிறது. உன் தாய் அவ்வளவு நல்லவள் இல்லை, தெரிந்துகொள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் லாரி வேண்டாம் என்றேன். "அப்போ அது அங்கயே கெழங்கோட கெடக்கட்டும்கிறியா?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து வெளியே போனார். நம் வீட்டுக் கொட்டகையில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் டீக்கு வந்தவர், "ஈஸ்டருக்கு நான் போகத்தான் போறேன். ரம்பமும் இழைப்புளியும் எடுத்துட்டுப் போறேன். பலகை பலகைதான, அத அறுத்து அவளுக்குத் துணி அலமாரியும் புள்ளைக்கு ஒரு கட்டிலும் பண்ணிக் குடுத்துட்டு வர்றேன். ரெண்டு இழுப்பறைய மட்டும் அந்தக் கெழவிக்கு விட்டுடறேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பின் விளிம்ப நான் எப்பிடி எழச்சேன், ஞாபகம் இருக்கா இன்சா" என்றார். அவருக்கும் கஷ்டம்தான், கீரை ராஜா என்று கிரீடம் வைத்தால் மட்டும் போதுமா.

நான் திரு. டீர்க்ஸிடம் பேசிவிட்டேன். நீங்கள் வீட்டை விட்டால் ஸ்டாமதீயாவுக்கே முழு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும், ஆனால் அவள் முன்னாலேயே வந்தால் அன்றோடு உங்கள் வாடகையை நிறுத்திக்கொள்வாராம். சுவருக்கு வெள்ளை அடித்து, ஆணி ஓட்டைகளை அப்பா பூசிக் கொடுத்துவிடுவார், அப்போதுதான் உங்கள் முன்பணம் முழுதாகத் திரும்பும். அது வந்ததும் முதலில் ஹீட்டர், மெஷின், யூலேவுக்குக் கெட்டியான போர்வை, வேறு எதுவும் அப்புறம். முகவரி விலக்கிக்கொள்ளும் தாளை நகர அலுவலகத்துக்கு நீ அங்கிருந்தே அனுப்பலாமாம், அதைச் செய்யாவிட்டால் வீட்டுக்கு வீடு வானொலிக் கட்டணம் வாங்குகிற அலுவலகம்கூடச் செத்தவர்களையும் விடாமல் தேடுவது போல உன்னைத் தேடிக்கொண்டே இருக்கும். கார் நம்பர் பிளேட்டைத் தள்ளிப் போடாதே, போலீஸ் நிறுத்தினால் கண்ணீருக்கெல்லாம் மசிய மாட்டார்கள். டில்மனிடம் சொல், எந்த நாட்டு நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறாரோ அந்த நாடுதான் வரியும் காப்பீடும் கேட்கும் என்று மார்க்ரெட்டின் தம்பி சொல்கிறான், அவன் பாதி தெரிந்தவன், அதனால் முழுதும் தெரிந்த ஒருவரைக் காசு கொடுத்தாவது கேட்கச் சொல். மூட்டுவலிக்கும் காய்ச்சலுக்கும் அங்கேயே மருத்துவமனையில் பதிந்துகொள்ளுங்கள், இங்கத்து மருத்துவக் காப்பீட்டு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் சமாளிப்பீர்கள். பென்ஷனைப் பற்றி நீ அழுதாயே, இங்கே உழைத்த வருஷமெல்லாம் வீண்தானா என்று, அது வீண் இல்லை, இரண்டு நாட்டு வருஷங்களையும் சேர்த்துத்தான் பார்ப்பார்களாம், அவரவர் பங்கை அவரவர் கொடுப்பார்களாம், விசாரித்துவிட்டேன். இங்கே வந்த தாள்களையெல்லாம் தனியாக அனுப்புகிறேன், தொலைக்காதே.

சரிப்படாவிட்டால் எங்கே போய் நிற்பது என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சரிப்படாவிட்டால் இங்கே வா. என் வீட்டுக்கு வா. மாடி அறையில் தையல் மெஷினை நகர்த்தினால் மூன்று பேர் படுக்கலாம், அப்பாவின் குறட்டை மட்டும் இலவசம். அதற்காக ஒரு வீட்டைக் காலியாக வைத்துக் காத்திருக்க வேண்டாம். டோனா கிராசியெட்டுக்கு என் அன்பைச் சொல், சூப்பில் என்ன போடுகிறாள் என்று நைசாகக் கேட்டு எழுது. யூலேவுக்கு என் முத்தம், இரண்டு பாட்டி இருப்பது நல்லதுதான் என்று நான் சொன்னதாகச் சொல். நீங்கள் மூவரும் இருக்கிற இடத்தில் சூடும் சோறும் சிரிப்பும் குறையாமல், நோய் நொடி அண்டாமல் நீடூழி வாழ வேண்டும், கடவுள் உங்கள் கூரைமேல் கை வைத்திருக்கட்டும்.

மறக்காமல் ஒன்று. உறைக்குள் வீட்டை விடுகிற தாள் இருக்கிறது. நான் தட்டச்சு செய்தது. பேனாவால் போட்ட கையெழுத்து இல்லாவிட்டால் செல்லாதாம், உன் பெயருக்குக் கீழே நீயும் டில்மன் பெயருக்குக் கீழே டில்மனும் போட வேண்டும். ஏப்ரல் தொடக்கத்துக்குள் இங்கே வந்து சேர்ந்தால் நல்லது. இது என் முடிவு இல்லை, உங்களுடைய வீடு, உங்களுடைய முடிவு. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன் மைக்கே. நீ அதைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினால், தபால்காரரைக் கட்டிப்பிடித்து நடுத்தெருவில் ஆடுவேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், போட்டு அனுப்பு.

என்றும் உன்,
அம்மா இன்சா